வேனிற் கனிகளும் பனிக்கட்டியும்

பங்குனித் திங்களின் பிற்பாதி தொடங்கி ஆனி கழியுமளவும் நம் நாட்டில் வெயில் ஒன்றே அரசு செலுத்துகின்றது. அவ்வரசின் கொடுமையை ஒருவாறு தணிப்பதற்கென்றே போலும், நீர் நிறைந்த கனிகளெல்லாம் அப்பருவத்திலேயே வந்து குவிகின்றன. மாவும், தர்ப்பூசணியும், முலாம்பழமும், வெள்ளரிப்பழமும், நுங்கும் தெருத்தோறும் விலைப்படுகின்றன. பல்கலைக் கழகத் தேர்வுகளும் அதே பருவத்தில் வந்து சேர்வது இயற்கையின் குற்றமன்று. அதனை விடுத்து, இக்கனிகளைக் குளிர்வித்தும் உறைவித்தும் உண்ணுமாறு யாது என்பதனை ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம். அடுக்களைச் செய்தி கல்லூரி மலருக்கு ஏற்குமோ என்று ஐயுறுவார் சிலர் இருப்பர். பௌதிகம், ரசாயனம் என்னும் இருகலைகளும் ஒருங்கே தொழில்புரியும் இடம் அடுக்களையினும் வேறு யாண்டுளது?

கனிச்சாற்றைக் குளிரச்செய்வதற்கு இரண்டு நெறிகள் உள. பனிக்கட்டியை உடைத்துச் சாற்றினுள் இடுதல் ஒன்று. பனிக்கட்டியைக் கலத்திற்கு வெளியே நிறுத்திச் சாற்றைக் கலத்தினுள் வைத்தல் மற்றொன்று. முன்னது எளிது, கடைத்தெருவில் நாம் யாவரும் காண்பதும் அதுவே. ஆயினும் பின்னதே கொள்ளத்தக்கது என்பது எம் துணிபு. என்னை? உள்ளே இட்ட கட்டி உருகுந்தோறும் சாறு நீர்த்து, இறுதி வாய் பருகுங்கால் பழத்தின் மணமும் சுவையும் பெயரளவிலேயே எஞ்சுகின்றன. இதனினும் பெரிய காரணம் வேறொன்று உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

வெளியே நின்று குளிர்விக்கும் நெறி புதியதன்று. அக்பர் அரசவையின் நடைமுறைகளைத் தொகுத்த அபுல் பசல் தம் 'அயினி அக்பரி'யில், வெடியுப்பைக்கொண்டு நீரைக் குளிர்விக்கும் முறையை அளவுடன் எழுதிவைத்துள்ளார். ஒரு சேர் குடிநீரை வெள்ளீயம் அல்லது வெள்ளிக் கூசாவில் வார்த்து வாயை அடைத்துவிடுவர். வேறொரு பாத்திரத்தில் ஐந்து சேர் நீரில் இரண்டரைச் சேர் வெடியுப்பை இட்டு, அக்கரைசலில் அக்கூசாவைக் கால்மணி நேரம் அளவும் சுழற்றிக்கொண்டே இருப்பர். வெடியுப்புக் கரையுங்கால் சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சுவதால் உள்ளிருக்கும் நீர் குளிர்ந்துவிடும். அரசர் பருகும் நீரில் வெடியுப்பின் ஒரு துளியும் சேர்வதில்லை. 1586ஆம் ஆண்டளவில் அரசவை லாகூருக்குப் பெயர்ந்த பின்னர், வடமலைகளினின்றும் பனியும் பனிக்கட்டியும் படகிலும் வண்டியிலும் ஆள்தலையிலும் கொண்டுவரப்பட்டன. நம்மூர்களில் இரவில் மணியடித்து வரும் குல்பிக்காரர் சிவப்புத் துணி சுற்றிய பானையில் வைத்திருப்பதும் இந்நெறியின் வழித்தோன்றலே ஆகும். பனிக்கட்டியும் உப்பும் நிறைந்த பானையினுள், வாய் மூடிய தகரக் கூம்புகளில் பால் உறைந்துகிடக்கின்றது. குல்பி என்னும் சொல்லே பூட்டைக் குறிக்கும் பாரசீகச் சொல்லினின்றும் வந்ததென்பர்.

சொல் என்றதும் ஒன்று நினைவிற்கு வருகின்றது. இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும் உறைந்த பழச்சாற்றைச் 'சார்பெட்' என வழங்குவர். அஃது அராபியரின் 'ஷர்பத்' துருக்கியர் வாய்ப்பட்டு ஐரோப்பா புக்கது. அச்சொல்லே பாரசீகத்தின் வழியாய் நம்மிடம் வந்து நன்னாரிச் சர்பத்தாய் நிற்கின்றது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுள் ஒன்று உறைந்தது. மற்றொன்று நீராகவே ஓடியது. பனிக்கட்டி என்னும் பெயர் பிற்காலத்தது எனினும், வானினின்று விழும் கட்டியை 'ஆலி' எனச் சங்கச் சான்றோர் வழங்கியதைத் தமிழ் பயில்வார் அறிவர். ஆலியைக் கண்ட தமிழர் அதனைச் சேமிக்கும் வழி கண்டிலர். அதற்குப் பன்னூறு ஆண்டுகள் கழிந்து பாஸ்டன் நகரத்து வணிகர் ஒருவர் வரவேண்டியதாயிற்று.

அவர் பெயர் பிரெடெரிக் டியூடர். மாசச்சூசெட்சு நாட்டுக் குளங்களில் மாரிக்காலத்தில் உறையும் பனியைப் பாளம்பாளமாய் அறுத்து, மரத்தூள் இடையிட்டு அடுக்கி, வெப்பநாடுகளுக்குக் கப்பலேற்றினார். 1833இல் 'டஸ்கனி' என்னும் கப்பல் ஏறத்தாழ 180 டன் பனிக்கட்டியுடன் பாஸ்டனை விட்டுப் புறப்பட்டு நான்கு திங்கள் கடலில் மிதந்து கல்கத்தாவை அடைந்தபோது, ஏற்றியதில் பாதிக்கு மேல் உருகாமல் இருந்தது. பின்னர்ச் சென்னைக் கடற்கரையிலும் அவருக்கென ஒரு பனிக்கட்டிக் கிடங்கு எழுந்தது. 1842ஆம் ஆண்டைச் சார்ந்த அக்கட்டடமே ஐஸ் ஹவுஸ். 1897இல் விவேகானந்தர் அதில் தங்கியதனால் இன்று விவேகானந்தர் இல்லம் எனப் பெயர் பெற்று நிற்கின்றது. தோரோ என்னும் அமெரிக்க அறிஞர் 1854இல் வெளியிட்ட 'வால்டன்' நூலில், தம் குளத்து நீரைச் சென்னை மக்களும் பருகுகின்றனர் என வியந்து எழுதியதும் இவ்வணிகம் பற்றியே. நீராவி இயந்திரங்களால் உள்ளூரிலேயே பனிக்கட்டி செய்யும் ஆலைகள் தோன்றியபின் அவ்வணிகம் மடிந்தது.

அரசர்க்கும் துரைமார்க்குமே உரியதாயிருந்த பனிக்கட்டி இவ்வாறு ஏழையின் தெருமுனைக்கும் வந்தது நன்மையே. ஆயினும் வந்த கோலத்தை நோக்குதல் வேண்டும். ஆலைகளில் வார்க்கப்படும் பெரும்பாளங்களிற் பெரும்பகுதி மீன் கெடாமற் காத்தற்கென்றே செய்யப்படுவது. அதற்குக் குடிநீர் வேண்டுவதில்லை. பாளம் தரையில் இழுபடுகின்றது. வண்டியில் உமியும் கோணியும் போர்த்துக்கொள்கின்றது. கடைவாயிலில் இரும்புக் கம்பியால் உடைபட்டுக் கண்ணாடிக் குவளையில் வீழ்கின்றது. குளிரில் நோய்க்கிருமி மாண்டொழியும் எனப் பலர் கருதுகின்றனர். அது பிழை. உறைதலால் கிருமிகளிற் சில மடியினும் எஞ்சியவை உறங்கிக் கிடந்து, கட்டி உருகியவுடன் எழுகின்றன. குடற்காய்ச்சலும், வாந்திபேதியும், மஞ்சட்காமாலையும் இவ்வழியே பரவக்கூடியன. சென்ற கோடையில் எம் விடுதி நண்பர் மூவர் ஒரு கடையில் தர்ப்பூசணிச் சாறு பருகிய மறுநாளே வயிற்றுப்போக்கிற்கு ஆளாயினர். அவருள் ஒருவர் ஆண்டிறுதித் தேர்வின் இரண்டு தாள்களை எழுதவியலாது போயிற்று. பழம் நல்ல பழமே. கத்தியோ, நீரோ, பனிக்கட்டியோ, எது குற்றவாளி என்று எவர் சொல்லவல்லார்? உண்ணத்தகாத பனிக்கட்டியை மக்கள் கண்டவுடன் அறியுமாறு அதற்கு நீலநிறம் ஊட்டவேண்டுமென 2018இல் மகாராட்டிர மாநிலத்தில் ஆணை பிறந்ததும் இவ்வச்சம் பற்றியே ஆகும். முன்னர்க் கூறுவோம் என்ற பெரிய காரணம் இதுவே. பனிக்கட்டி கலத்திற்குப் புறத்தே நிற்குமாயின், அது மீனுக்கென வார்த்ததாயினும் நமக்குக் கேடில்லை. அதன் குளிரை மட்டும் கடன்வாங்கிக்கொள்கின்றோம். அதன் நீரை அன்று.

அவ்வாறாயின், வெறும் பனிக்கட்டியைச் சுற்றி அடுக்கினாலே சாறு உறைந்துவிடுமோ எனின், உறையாது. வெறும் பனிக்கட்டி உருகுநிலையில் சென்டிகிரேடு சுழியத்தில் நிற்கும். சர்க்கரை கலந்த பழச்சாறோ சுழியத்திற்குக் கீழே இரண்டு மூன்று பாகை இறங்கினாலன்றி உறையத் தொடங்காது. சுழியத்தினும் தாழ்ந்த குளிரைப் பெறுவதற்கே கல்லுப்பு வேண்டப்படுகின்றது. உப்பு இட்டவுடன் பனிக்கட்டி விரைந்து உருகுகின்றது. உருகுகின்ற கட்டி முன்னினும் மிகக் குளிர்கின்றது. இது கேட்பார்க்கு முரணாகத் தோன்றும். ஆயின் காரணம் எளிது. ஒரு கிராம் பனிக்கட்டி நீராக மாறுதற்கு 80 கலோரி வெப்பம் வேண்டும். சுழியத்தில் உள்ள அதே ஒரு கிராம் நீரை 80 பாகை வரை சூடேற்றுதற்குப் போதுமான வெப்பம் அது. உப்பு நீரின் உறைநிலையைத் தாழ்த்துவதால், சுழியத்திலும் கட்டி உருகியே தீரவேண்டியதாகின்றது. உருகுதற்கு வேண்டிய வெப்பத்தை அடுப்பு ஒன்றும் தருவதில்லை. ஆகலின், அக்கலவை தன்னிடத்தும், தன்னைத் தொட்டுநிற்கும் பாத்திரத்திடத்தும் இருந்தே அதனைப் பறித்துக்கொள்கின்றது. பாத்திரத்தினுள் இருக்கும் மாம்பழச்சாறு வெப்பத்தை இழந்து உறைகின்றது. நூறு பங்கு கலவையில் ஏறத்தாழ 23 பங்கு உப்பு இருப்பின், குளிர் சுழியத்திற்குக் கீழ் 21 பாகை வரை இறங்கவல்லது. வீட்டு வாளியில் அத்துணை இறங்காது. பத்து, பன்னிரண்டு பாகை இறங்கினும் நம் காரியம் முடிந்துவிடும்.

இனி மாம்பழத்தை எடுத்துக்கொள்வோம். நார் மிகுந்த பழம் இதற்கு ஆகாது. மல்கோவா சாலச் சிறந்தது. அது கைக்கு எட்டாவிடின் பங்கனப்பள்ளி போதும். நீலம் பருவக்கடைசியில் மலிவாகக் கிடைப்பது, மணமும் உடையது. நன்கு கனிந்த பழங்களைக் கழுவித் தோல்நீக்கி, சதையை மட்டும் அரைத்து ஒரு கிலோ அளவு எடுத்துக்கொள்க. 200 கிராம் சர்க்கரையை 150 மில்லி நீரிற் கரைத்துக் கொதிக்கவைத்து ஆறவிட்டு அதனுடன் கூட்டுக. இரண்டு எலுமிச்சம்பழங்களின் சாற்றைப் பிழிக. ஒரு சிட்டிகை உப்பும் இடலாம். இப்போது சுவைத்துப் பார்த்தால் இனிப்புச் சற்று மிகையென்றே தோன்றும். அஞ்சற்க. குளிர்ந்த நா இனிப்பைக் குறைத்தே உணரும், உறைந்தபின் அளவாகிவிடும்.

இக்கலவையை மூடியுள்ள ஓர் எவர்சில்வர்த் தூக்கில் முக்கால் அளவிற்கு ஊற்றுக. உறையுங்கால் கலவை பருக்குமாதலின் இடம் விடுதல் வேண்டும். ஐந்து கிலோ பனிக்கட்டியைக் கோணியில் சுற்றித் தடியால் நெல்லிக்காய் அளவிற்கு உடைத்து, ஒன்றரைக் கிலோ கல்லுப்புடன் அடுக்கடுக்காய் ஒரு வாளியில் இட்டு, நடுவே தூக்கை அமிழ்த்துக. வாளிக்கு வெளியே ஈரமற்ற கோணி ஒன்றைச் சுற்றினால் புறவெப்பம் உட்புகாது. உப்புநீர் மட்டம் தூக்கின் வாய்க்கு நாலு விரல் கீழே இருப்பதைக் காவல் செய்க; ஒரு துளி உட்புகினும் அத்தனையும் பாழ். பின்னர்த் தூக்கின் பிடியைப் பற்றி வலமும் இடமுமாக விடாது திருப்புக. மூன்று நான்கு நிமிடத்திற்கு ஒருமுறை மூடியைத் துடைத்துத் திறந்து, ஓரத்தில் உறைந்து ஒட்டியதை மரக்கரண்டியாற் சுரண்டி நடுவே தள்ளிக் கலக்குக. அரைமணி முதல் முக்கால்மணி நேரத்தில் கலவை தடித்து, கரண்டியை நிறுத்தினால் நிற்கும் பதம் அடையும். உப்பிட்ட பனிக்கட்டியை வெறுங்கையால் அள்ளிப் பிடித்திருத்தல் ஆகாது. அது தோலைத் தீப்போல் புண்ணாக்கவல்லது. இத்துணைத் திருப்பும் சுரண்டலும் வேண்டா. ஒரு பிடியைச் சுழற்றினால் போதும் எனக் கருவி அமைத்துப் பிலடெல்பியாவில் நான்சி ஜான்சன் என்னும் பெண்மணி 1843இல் காப்புரிமை பெற்றார். அக்கருவி இல்லாதவர்க்கு நண்பர் நால்வர் மாறிமாறித் திருப்புவதே கருவி.

கலக்குதல் எற்றுக்கு என வினவலாம். அசையாது விட்ட சாற்றில் பனிப்படிகங்கள் மெல்ல வளர்ந்து பெரியனவாகி, கூரிய கற்கண்டுபோல் பல்லில் நெறுநெறுக்கும். விரைந்து குளிர்வித்துக் கலக்கிக்கொண்டே இருந்தால் எண்ணிறந்த சிறு படிகங்கள் தோன்றி நாவில் வெண்ணெய்போற் கரையும். சர்க்கரையும் இதில் பெரும்பங்கு உடையது. சாற்றிலுள்ள நீர் தனித்து முதலில் உறைகின்றது. எஞ்சிய நீரில் சர்க்கரை மேன்மேலும் செறிந்து, அப்பாகு உறையாமலே நிற்கின்றது. உறைந்த படிகங்களுக்கு இடையே உறையாத பாகு நிற்பதனாலேயே அதனைக் கரண்டியால் எடுத்து உண்ண இயலுகின்றது. பாகு குறையின் கல்லாகும், மிகின் கூழாகும். பழத்தின் இயற்கைச் சர்க்கரையையும் கூட்டி, நூற்றுக்கு 25 பங்கு அளவில் இருந்தால் பதம் சரியாக வரும். மேற்கூறிய மாம்பழ அளவு அவ்வாறு கணக்கிட்டதே.

கணக்கிட இயலாத தெளிந்த சாறுகளுக்குப் பழைய சமையற்காரர் ஒரு தந்திரம் கண்டனர். புதிய கோழிமுட்டை ஒன்றை நன்றாகக் கழுவித் துடைத்துச் சர்க்கரையிட்ட சாற்றில் விடுவர். முட்டை அமிழ்ந்தால் சர்க்கரை போதாது. மிதந்து, ஒரு ரூபாய் நாணயத்தளவு மேலே தோன்றினால் பதம் சரி. அதனினும் மிகத் தோன்றின் சாறு சேர்த்தல் வேண்டும். பௌதிக ஆசிரியர் இதனை அடர்த்திமானி என்பர். சமையற்காரர் சோதனை முடித்து முட்டையை வேறு பண்டத்திற்குப் பயன்படுத்திவிடுவர்.

தர்ப்பூசணியில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் நீரே. அதன் சாற்றை மாம்பழம்போல் குழைவாக உறைவிக்க ஒரு கிலோவிற்குக் கால்கிலோ சர்க்கரை வேண்டும். பழத்தின் மெல்லிய சுவை சர்க்கரையில் மூழ்கிவிடும். ஆகலின் அதனைக் குழைவாக்க முயலாமையே அறிவு. 100 கிராம் சர்க்கரையும் எலுமிச்சையும் மட்டும் இட்டு, அகன்ற தட்டில் மெல்லிதாக ஊற்றிக் குளிர்ப்பெட்டியின் உறைவறையில் வைத்து, அரைமணிக்கு ஒருமுறை முள்கரண்டியாற் கீறிவிடுக. இரண்டு மூன்று மணி நேரத்தில் சிவந்த பனித்தூள் குவியலாகக் கிடைக்கும். நெறுநெறுப்பே இங்கு இன்பம். குளிர்ப்பெட்டி உள்ளவர் மாம்பழத்தையும் அதிலேயே உறைவிக்கலாம். ஆயினும் அதன் குளிர் காற்றின் வழியே மெல்லச் சேர்வதாதலின், உப்பு வாளியின் விரைவு அதற்கு இல்லை. இடையிடையே எடுத்து மிக்சியில் அடித்து மீண்டும் வைத்தல் வேண்டும்.

குளிர்ப்பெட்டிக்கே உரிய எளிய பண்டங்களும் உள. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சையைக் கழுவித் துடைத்து அப்படியே உறையவைத்தால் மிட்டாயாகிவிடும். கனிந்த வாழைப்பழத்தை வில்லைகளாக்கி ஆறுமணி நேரம் உறையவைத்து மிக்சியில் அரைத்தால், பாலும் சர்க்கரையும் இன்றியே பாலேடுபோல் வரும். அன்னாசி மட்டும் வம்பு செய்யும். அதிலுள்ள ஒரு நொதி பாலின் புரதத்தைச் சிதைத்துக் கசப்பாக்கும். சாற்றைச் சில நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிட்டால் அந்நொதி அழியும். பின்னர்ப் பாலுடன் கூடும்.

பனிக்கட்டியும் குளிர்ப்பெட்டியும் இல்லாத இல்லங்களுக்குக் கடற்பாசி உளது. முஸ்லிம் அன்பர்களின் இல்லங்களில் நோன்பு திறக்குங்கால் பரிமாறப்படும் இப்பண்டத்தைச் சுவைத்தவர் மறவார். கொதிநீரிற் கரையும் கடற்பாசி, 40 பாகைக்குக் கீழ் இறங்கியவுடன் தானே இறுகும். நிழலில் வைத்தாலே போதும். ஒரு லிட்டருக்குப் பத்து கிராம் அளவில் முதலில் நீரிலேயே காய்ச்சிக் கரைத்து, இறக்கியபின் பழச்சாற்றைக் கூட்டுக. புளிப்புச் சாற்றுடன் சேர்த்துக் கொதிக்கவைத்தால் இறுகும் ஆற்றல் குறையும்.

நுங்கை உறையவைத்தல் கூடாது. அதன் மெல்லிய சதையிலுள்ள நீர் படிகமாகிச் சதையைக் கிழித்துவிடும்; உருகியபின் எஞ்சுவது சக்கையும் நீருமே. அதற்கு ஏற்றது மட்பானைக் குளிரே. தூய துணியில் முடிந்த நுங்கை ஒரு சிறு கலத்தில் வைத்து, நீர் நிறைந்த புதிய பானையில் மிதக்கவிட்டு, பானையைக் காற்றோட்டமுள்ள நிழலில் மணல்மேல் வைத்தால் மாலைக்குள் குளிர்ந்துவிடும். பானையின் நுண்துளை வழியே கசியும் நீர் ஆவியாகுங்கால் வெப்பத்தைக் கொண்டுபோகின்றது. வறண்ட காற்றுடைய மதுரை, திருநெல்வேலிப் பக்கங்களில் இது மிக நன்றாக நிகழும். ஈரக்காற்று வீசும் சென்னைக் கடற்கரையில் பானை அத்துணைக் குளிராது. ஆங்குள்ளார் நுங்குக் கலத்தைப் பனிக்கட்டி வாளியில் உப்பின்றி வைத்துக்கொள்க.

வாளியில் எஞ்சும் உப்புநீரைச் செடிகளின் அடியில் ஊற்றிவிடற்க, அவை பட்டுப்போம். அகன்ற தாம்பாளங்களில் ஊற்றி மொட்டைமாடியில் வைத்தால், தூத்துக்குடி அளங்களில் நிகழ்வது போலவே நீர் வற்றி உப்பு மீண்டும் பூத்துவிடும். உணவிற்கு அஃது உதவாது. துடைத்தெடுத்து ஒரு சாடியில் இட்டு வைத்தால் அடுத்த சனிக்கிழமைக்கு ஆகும்.